ஆறு மணி பஸ்ஸில் பத்து மஞ்சப்பைகள்

எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமைதோறும் யாரும் சொந்த வண்டியில் தனியாக வரக் கூடாது என்று புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பஸ்ஸில் வரலாம், சைக்கிளில் வரலாம், நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் வரலாம். நல்ல ஏற்பாடுதான். அதன் தொடக்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். வீட்டில் காரை வைத்துக்கொண்டு தினமும் முப்பத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிற ஆள் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். நான் சொன்னால் எடுபடும் என்று நினைத்திருக்கிறார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். வணக்கம் சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். யாரோ சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. நான் ஏன் பஸ்ஸில் வருகிறேன் என்று கேட்டால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைதட்டக் காத்திருக்கிற கூட்டத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் ஊர் ஏர்வாடியைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் பிரிகிற ரோட்டில் மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மேற்கே மிளகாய் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் வீடுகள். நாங்கள் அந்தப் பக்கம். கிழக்கே மாதா கோயிலும் அதைச் சுற்றி மீன்பிடிக்கிறவர்கள் வீடுகளும். காலை ஏழு மணிக்கு ராமநாதபுரத்துக்கு ஒரு டவுன் பஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து அதே பஸ் திரும்பும். ஊருக்குள் வருகிற வண்டி அது ஒன்றுதான். அதை விட்டால் மெயின் ரோடு வரை நடந்து போய், சாயல்குடியிலிருந்து பிதுங்கி வழிந்து வருகிற பஸ்களுக்குக் கை காட்ட வேண்டும். பாதி நிற்காது.

பதினெட்டு வருஷம் நான் அந்த ஏழு மணி பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். அத்தனை வருஷமும் என்னோடு போய் வந்தவள் ஒருத்தி உண்டு. கடலோரத்துப் பெண். விடிவதற்குள் கரையில் மீன் எடுத்து அலுமினியப் பாத்திரத்தில் நிரப்பிக்கொண்டு ஏறுவாள். ராமநாதபுரத்தில் தெருத் தெருவாக விற்று முடித்துவிட்டு, வெறும் பாத்திரத்தோடு ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஆனால் வாய் என்றால் அப்படி ஒரு வாய். மீன் பாத்திரத்தை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டர் ஒருவரை, பஸ் கீழக்கரை போய்ச் சேருகிற வரை விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்த மனுஷனே இறங்கி நின்று பாத்திரத்துக்குக் கை கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பி நிற்பதற்கு முன்பே, கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டாகிவிட்டால் அந்த இடம் துண்டுக்காரருக்குச் சொந்தம். அவர் சாவகாசமாக டீ குடித்துவிட்டுக் கடைசியில் ஏறினாலும் சரி, அதுவரை கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் துண்டு கிடக்கிற சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது சட்டம். துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்ததற்காகச் சட்டை கிழிந்தவர்கள் உண்டு.

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஆறு மணி பஸ்ஸில் எனக்கு இடம் போட்டவள் அவள்தான். நான் கேட்கவே இல்லை. தலையில் பாத்திரத்துக்கு அடியில் வைக்கிற சும்மாடுத் துணியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, நான் ஆபீசிலிருந்து மூச்சு வாங்க நடந்து வரும்வரை வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். அந்தத் துணியில் மீன் வாடை வீசும். அந்த மாதங்களில் எனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டல். ஆனாலும் அந்தச் சீட்டில் உட்கார்ந்த நிமிஷம் எனக்குக் கண்ணீர் வரும், அவ்வளவு அலுப்பாக இருக்கும். ஒன்பதாம் மாதம் லீவு போடும்வரை ஒருநாள்கூட அவள் தவறவிடவில்லை.

நாற்பத்தாறாம் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, லோன் போட்டு ஒரு சின்னக் கார் வாங்கினேன். எங்கள் ஊரில் கார் ஓட்டிய முதல் பொம்பளை நான்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வீட்டில் நான் மருமகள், மனைவி, அம்மா. ஆபீசில் சூப்பிரண்டு. காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் போகிற ஒரு மணி நேரமும் வருகிற ஒரு மணி நேரமும் நான் யாருக்கும் எதுவும் இல்லை. பாட்டுக் கேட்பேன். சில நாள் எதுவும் போடாமல் சும்மா ஓட்டுவேன். அந்த நிம்மதியைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

என்னைப் பார்த்து ஒவ்வொருவராக பஸ்ஸை விட்டார்கள். பேங்கில் வேலை பார்க்கிறவர் ஒரு கார் வாங்கினார். பத்திர எழுத்தர் ஒருவர், பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலில் கடை போட்டிருப்பவர், பைக் வாங்கினார். எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலுமாக, ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் பத்து வண்டி. காலையில் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு ஒரே ரோட்டில் ஒரே நேரத்தில் போவோம். ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிக்கொள்வோம். பஸ் எங்களுக்குப் பின்னால் காலியாக வந்துகொண்டிருந்தது.

கார் வாங்கிய முதல் வாரம், பஸ் ஸ்டாப்பில் அவள் மீன் பாத்திரத்தோடு நின்றாள். நான் வேகத்தைக் குறைத்தேன். புது சீட்டு, பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. பாத்திரத்தை எங்கே வைப்பது, தண்ணீர் சிந்தினால் வாடை போகுமா என்றெல்லாம் ஒரு நொடிக்குள் மனசு ஓடிவிட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். அவளும் சிரித்துக் கையை ஆட்டினாள். அதற்குப் பிறகு நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் என் காருக்குக் கை காட்டியதில்லை. அவளுக்கா விளங்காது?

ஒரு கட்டத்தில் பாத்திரத்தைக் காணோம். கையில் ஒரு ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்க ஆரம்பித்தாள். அதுவும் எல்லா நாளும் இல்லை. வியாபாரத்தை விட்டுவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தி என்ன ஏது என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளே என் வீட்டுக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது, நிறம் மங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன். இடது கையைத் துணியால் போர்த்தியிருந்தாள். என்ன என்று கேட்டேன், துணியை விலக்கிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு திரித்த மாதிரி புடைத்திருந்தது. இரண்டு கிட்னியும் போய்விட்டது, செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டு ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள், அதற்காக இந்தக் கையில் ஆபரேஷன் பண்ணியிருக்கிறது என்றாள். இந்தக் கையால் கனமாக எதையும் பிடிக்கக் கூடாதாம், இழுக்கக் கூடாதாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒன்றரை வருஷம் என்றாள். ஒன்றரை வருஷமாக வாரம் இரண்டு நாள் அவளை பஸ் ஸ்டாப்பில் தாண்டிப் போயிருக்கிறேன்.

அவள் வந்தது அதைச் சொல்ல இல்லை. "யக்கா, பஸ்ஸ நிப்பாட்டப் போறாகளாம்" என்றாள்.

கண்டக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். ஆளே ஏறாத பஸ்ஸை ஊருக்குள் எதற்கு ஓட்டுவது, மெயின் ரோட்டோடு திருப்பிவிடலாம் என்று டிப்போவில் பேசுகிறார்களாம். ஒரு மாசம் பார்ப்பார்களாம். ஆள் ஏறினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. அவள் புருஷன் கேரளாவில் மீன்பிடி போட்டில் வேலை பார்க்கிறான், மாசக் கணக்கில் வர மாட்டான். வீட்டில் காது கேட்காத மாமியார் மட்டும்தான். மிஷினில் போட்டுவிட்டு வருகிற அன்றைக்கு மூணு கிலோமீட்டர் அவளால் நடக்க முடியாது. பஸ் நின்றால் அவள் ஆஸ்பத்திரி போவதும் நின்றுவிடும். அழவில்லை, கெஞ்சவில்லை. கணக்கைச் சொல்வதுபோல் சொன்னாள்.

செவ்வாயும் வெள்ளியும் என் காரில் வந்துவிடு என்று சொன்னேன். குற்ற உணர்ச்சியில் வாயில் வந்த வார்த்தை அது.

"நீங்க லீவு போடுவீக. மீட்டிங்குன்னு லேட்டாகும். மதுரைக்கு டியூட்டின்னு போவீக. எனக்கு லீவு கெடையாதுக்கா. பஸ்ஸுன்னா யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல, அதுபாட்டுக்கு வரும். நீங்க பத்துப் பேரும் ஒரு மாசம் ஏறுனா அது நிக்காது."

அவள் மறுத்ததும் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் போனபிறகு கோபமும் வந்தது. யாரோ பஸ்ஸை நிறுத்துகிறார்கள், அதற்கு நான் ஏன் என் காரை விட வேண்டும் என்று வீட்டில் பாத்திரங்களை உருட்டினேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அந்தச் சும்மாடுத் துணியின் வாடை மூக்கில் இருந்துகொண்டே இருந்தது.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாக்கு. பேங்க்காரர் வாங்கிய காரை நிழலில் நிறுத்திவைக்கவா தவணை கட்டுகிறேன் என்றார். இன்னொருவருக்கு முதுகுவலி. பத்திர எழுத்தர் பஸ்ஸில் போனால் மரியாதை போய்விடும் என்று சொல்லாமல் சொன்னார். ஒரு உயிர் விஷயம், ஒரே ஒரு மாசம் என்று சண்டை போடாத குறையாகக் கேட்டேன். கடைசியில் எல்லாரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: காலையில் பிரச்சினை இல்லை, பஸ் நம் ஊரிலிருந்து கிளம்புகிறது, உட்கார்ந்து போகலாம். சாயங்கால பஸ் இப்போது காலியாக வந்தாலும், நாம் ஏறுவது தெரிந்தால் பழையபடி கூட்டம் சேர்ந்துவிடும்; அந்தக் கூட்டத்தில் நாள் முழுக்க வேலை பார்த்த உடம்போடு கீழக்கரை வரை நின்றுகொண்டு வர முடியாது. உட்கார இடம் இருந்தால் வருகிறோம்.

இடத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அந்த யோசனை என்னுடையது. அதை யார் தலையிலும் கட்ட முடியாது. ஆபீசில் ஏதோ விழாவுக்கு வாங்கி மீந்துபோன மஞ்சப்பைகள் அலமாரியில் கிடந்தன. பத்துப் பை எடுத்துவந்தேன். பத்திர எழுத்தருக்கு நேரம் அவர் கையில், கடையை முன்னதாகச் சாத்தலாம். அவர் ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். பஸ் உள்ளே திரும்பியதும் அவரும் கூட இன்னொருவரும் ஓடிப்போய் ஜன்னல் ஜன்னலாகப் பத்துப் பையையும் போட்டுவிடுவார்கள். நாங்கள் ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வந்து ஏறி, அவரவர் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே வாரத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. பேங்க்காரர் காலையில் வேர்க்கடலை கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். முதுகுவலிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்கு வரும்வரை குறட்டை விட்டார். பத்திர எழுத்தர் பை போடுவதில் தேர்ந்துவிட்டார், அவரைக் கேலி செய்து பஸ்ஸே சிரிக்கும். நாங்கள் ஏறுகிறோம் என்று தெரிந்து வேறு ஊர்க்காரர்களும் மெயின் ரோட்டு பஸ்களை விட்டு இதில் ஏறினார்கள். கண்டக்டர் முகத்தில் களை வந்துவிட்டது. இப்படிப் போனால் பஸ்ஸை எவனும் தொட முடியாது மேடம் என்றார். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே நிறைவு. காலையில் அவள் ஏறும்போது ஒரு சின்னத் தலையசைப்பு கொடுப்பேன். பார்த்தாயா, சொன்னதைச் செய்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

சாயங்காலம் அவள் எங்கே உட்காருகிறாள் என்று நான் பார்க்கவில்லை. இதுதான் நடந்தது. பத்துப் பேருக்கு இடம் போட்டேன், அவளுக்கு ஒரு பை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் இரண்டு வாரம் எப்படியோ, யாராவது எழுந்து இடம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது முன்னதாக வந்து ஓர் ஓரத்தில் ஒண்டியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. மறுநாள் முகூர்த்த நாள், பஸ் ஸ்டாண்டே கொள்ளவில்லை. நான் ஏறும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. முட்டி மோதி என் சீட்டுக்குப் போய், பையை எடுத்து மடித்து உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியபிறகுதான் பார்த்தேன், இரண்டு வரிசை முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். ஆபரேஷன் செய்த கையை நெஞ்சோடு அணைத்து, யாரும் இடித்துவிடாமல் உடம்பை வளைத்து மறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஆள்தான். அவர் மடியிலும் மஞ்சப்பை.

அவள் என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு ஆடிட் நடந்துகொண்டிருந்தது, காலையிலிருந்து எனக்குச் சாப்பிட நேரமில்லை, முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பக்கத்தில் இருக்கிற ஆம்பளை எழுந்திருக்கட்டும் என்று நினைத்தேன். பெரியபட்டினம் ரோடு வந்தால் கொஞ்சம் பேர் இறங்குவார்கள், அவளுக்கு இடம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். பிறகு தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பஸ் தூக்கிப்போடுவது எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் இறங்கும்போது படியில் அவள் எனக்கு முன்னால் போனாள். கால் தரையில் பட்டதும் சற்று நின்று, பஸ்ஸின் தகரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். நடக்க முடியுமா என்று கேட்டேன். "வாரேன்க்கா" என்றாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்டக்டரைக் கீழக்கரை வரை விடாமல் வாங்கியவள், எங்கள் பத்துப் பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறச் சொல்லி எங்களைக் கேட்டுக்கொண்டவளே அவள்தானே. எந்த வாயால் கேட்பாள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவள் ஸ்டாப்பில் இல்லை. கவனித்தேன். வெள்ளிக்கிழமையும் இல்லை. அதையும் கவனித்தேன். புருஷன் வந்திருப்பான், வேறு வண்டி பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிராதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அவள் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை.

திங்கட்கிழமை காலையில் நான் ஏறி உட்கார்ந்தபிறகு கண்டக்டர் குனிந்து, அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மாவை ஒரு வாரமாகக் காணோமே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. பஸ் புறப்படுவதற்குள் இறங்கிவிட்டேன்.

அவள் கட்டிலில் படுத்திருக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. மூச்சு சளசளவென்று இழுத்தது. ஏன் போகவில்லை, இரண்டு தடவை விட்டுவிட்டாயே, உனக்கு அறிவில்லையா என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"போனா திரும்பி வரணும்லக்கா" என்றாள். நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "நிக்க முடியல. முன்ன பஸ்ஸு காலியா வரும். மூணு பேரு சீட்டுல படுத்துக்கிட்டே வந்துருவேன். இப்ப எல்லாத்துலயும் பை கெடக்கு."

பக்கத்து வீட்டுப் பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தாள். வேறெங்கோ போயிருக்கிறது, வந்துசேர நேரமாகும் என்றார்களாம். நான் வீட்டுக்கு ஓடினேன். அந்த வயதில், அந்த உடம்போடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். மூன்று வாரத்துக்கு மேல் எடுக்காத கார் புழுதி படிந்து கிடந்தது. கண்ணாடியைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

அவள் அன்று சாயங்காலம் இறந்துபோனாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களை அழவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மிஷினில் போட்டார்கள், அதற்குள் நெஞ்சு தாங்கவில்லை. டாக்டர் சின்ன வயதுப் பெண். நான்தான் சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு லேட்டாகவா கொண்டுவருவீர்கள் என்று கேட்டாள். நான் சொந்தக்காரி இல்லை என்று சொல்லவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் அவளை அடக்கம் செய்தார்கள். புருஷன் கேரளாவிலிருந்து வந்துசேர்ந்து, கடைசியாக அவளை ஏற்றிக்கொண்டு போனதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

பஸ் நிற்கவில்லை. மாசக் கடைசியில், இனி எப்போதும் ஓடும் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது அதைத்தான், அது கிடைத்துவிட்டது. பத்துப் பேரில் நாலு பேர் மறுபடி வண்டிக்குப் போய்விட்டார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. மீதிப் பேர் வருகிறோம். சாயங்காலம் யாரும் பை போடுவதில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. அடக்கத்துக்கு மறுநாள் பத்திர எழுத்தர் பைகளைக் கொண்டுவரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பஸ்ஸில் நான் கண்ணை மூடுவதில்லை. புதன்கிழமை பஸ்ஸில் வாருங்கள் என்று என்னைச் சொல்லச் சொன்னால் சொல்வேன், வரத்தான் வேண்டும். ஆனால் ஏறிவிட்டதாலேயே நல்லவர்கள் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதைத்தான் அந்த மைக்கில் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானுமாக அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின் சீட்டில் ஏற்றினோம். ஒரு கதவில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து, காலை அடுத்த கதவு வரை நீட்டிவிட்டோம். பக்கத்து வீட்டுப் பெண் முன்னால் என்னோடு உட்கார்ந்து, அவளுடைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். நான் மெயின் ரோட்டில் ஏறியதும் மிதித்தேன். அவ்வளவு வேகத்தில் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஏர்வாடியைத் தாண்டினோம். கீழக்கரைக்கு அப்பால் எங்கள் ஏழு மணி பஸ்ஸை எட்டிப் பிடித்து முந்தினேன். ஜன்னல்களில் தெரிந்த முகங்கள் என் காரைப் பார்த்தன.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவள் கண் மூடியிருப்பாள் என்று நினைத்தேன். மூடவில்லை. சுகமில்லாத கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். தன் கால் முடிகிற இடத்தைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"யக்கா" என்றாள்.

பேசாமல் வா, மூச்சு வாங்குகிறது என்றேன்.

"இம்புட்டு எடம் கெடக்கே. நாலு வருசமா இதச் சும்மாவா கொண்டு போனீக?"

குத்திக்காட்டவில்லை. அவள் குத்திக்காட்டினால் எப்படி இருக்கும் என்று பதினெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, இழுக்கிற மூச்சோடு பதிலுக்காகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொன்னேன்.